செயலி சொன்ன மழை காங்கேயத்துக் களத்தில் ஏன் பெய்வதில்லை?

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையில் கொப்பரைக் களம் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். கைப்பேசிச் செயலி அறுபது விழுக்காடு மழை என்று காட்டிய நாளில் களத்தில் ஒரு சொட்டு விழவில்லை. பத்து விழுக்காடு என்று காட்டிய நாளில் விரித்திருந்த தேங்காய்ப் பருப்பெல்லாம் நனைந்துவிட்டது. தொலைக்காட்சியைப் போட்டால் மேற்கு மாவட்டங்களை மிரட்டும் கனமழை என்கிறார்கள், வாசலிலோ வெயில் காய்கிறது. "பேசாம இவுங்க சொல்றதுக்கு நேர்மாறாச் செஞ்சாச் செரியா இருக்குமாட்ட இருக்குதுங்க" என்று எழுதிவிட்டு, இதெல்லாம் அறிவியல்தானா அல்லது வெறும் வியாபாரமா என்றும், பணம் கட்டி வாங்கும் செயலி இதைவிடச் சரியாகச் சொல்லுமா என்றும் கேட்கிறார்.

அவருடைய எரிச்சலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அவர் அறிய விரும்புவது வானிலை அறிவியலின் தரத்தைப் பற்றியே அன்று. காலையில் எழுந்து, ஆட்களை வைத்துக் களத்தில் பருப்பை விரிப்பதா வேண்டாமா, விரித்தால் எந்த நேரத்தில் தார்ப்பாய் போட்டு மூடுவது என்ற ஒரே முடிவுக்கு இந்தத் தகவல்கள் உதவுமா என்பதுதான் கேள்வி. வேளாண் வானிலையியல் படித்து, கோவையில் நெடுங்காலம் மழைமானியோடும் மாணவர்களோடும் காலம் கழித்தவன் என்ற முறையில் என் பதில் இதுதான்: உதவும். ஆனால் கணிப்பு ஒரு பரப்பைப் பற்றியும் ஒரு வாய்ப்பைப் பற்றியும் பேசுகிறது. அது உங்கள் கைக்கு வந்து சேரும்போது பரப்பும் வாய்ப்பும் உதிர்ந்துபோய், 'மழை உண்டு', 'மழை இல்லை' என்ற இரண்டு சொற்களாகச் சுருங்கிவிடுகிறது. அந்தச் சுருக்கத்தில்தான் பெரும்பாலான கோளாறு இருக்கிறது. மீதிக் கோளாறு நம் ஊரின் நில அமைப்பில் இருக்கிறது.

நில அமைப்பை முதலில் பார்த்துவிடலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக் காற்று மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது தன் ஈரத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு மாநிலத்திலேயே மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. வால்பாறை வட்டாரத்தில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வது வழக்கம். அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் காங்கேயம், மூலனூர் பக்கமோ ஆண்டு முழுவதற்கும் 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெறுகிறது. பல ஆண்டுகளில் அதுவும் கிடைப்பதில்லை. மலையைத் தாண்டி இறங்கும் காற்று இறங்கும்போதே வெப்பமடைந்து வறண்டுவிடும். கணவாய் வழியாக நேரே வருகிற காற்று பொள்ளாச்சி, கோவைப் பக்கம் சாரலைத் தூவிவிட்டு, பல்லடம், உடுமலை, தாராபுரம் என்று கிழக்கே போகப்போக வெறுங்காற்றாகிவிடுகிறது. அந்தக் காற்றை நம்பித்தான் அங்கே காற்றாலைகள் நிற்கின்றன. ஆடி மாதத்தில் வானம் நாள் முழுக்க மூட்டமாக இருந்தும் காங்கேயத்துக் காட்டில் புழுதி அடங்காததற்குக் காரணம் இதுவே. இதுவரை சொன்னதில் ஐயத்துக்கு இடமில்லை.

இனிச் செயலிக்கு வருவோம். கைப்பேசியில் தெரியும் மேகப்படமும் விழுக்காடும் யாரோ ஒரு வானிலையாளர் உங்கள் ஊரை நினைத்து எழுதியவை அல்ல. உலகம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, வெப்பம், ஈரம் ஆகியவற்றைக் கணினி கணக்கிடுகிறது. இந்தக் கணக்கு முறையைத்தான் மாதிரி என்கிறோம். ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை மையத்தின் மாதிரியில் கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர், அமெரிக்க ஜி.எஃப்.எஸ். மாதிரியில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். இந்திய வானிலை ஆய்வுத் துறை 2025 மே மாதம் முதல் பாரத் முன்கணிப்பு முறை என்ற பெயரில் 6 கிலோமீட்டர் கட்டத்துக்கு வந்திருக்கிறது. அதற்கு முன் 12 கிலோமீட்டராக இருந்தது. 9 கிலோமீட்டர் கட்டம் என்றால் 81 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 20,000 ஏக்கர். அத்தனை ஏக்கருக்கும் சேர்த்து மாதிரி ஒரே ஒரு மழை அளவைத்தான் சொல்லும். உங்கள் களம் அரை ஏக்கர் இருக்குமா?

நீங்கள் வரைபடத்தில் விரலை வைத்தவுடன் செயலி உங்கள் ஊர்ப் பெயரை எழுதிக் காட்டுகிறதே, அது கட்டத்தின் எண்ணுக்கு மேல் ஒட்டிய சீட்டு. வெள்ளகோவில் என்று எழுதியிருப்பதால் வெள்ளகோவிலில் யாரோ அளந்தார்கள் என்று பொருளில்லை. 'இப்போது மழை பெய்கிறது' என்று அது காட்டும் நேரத்தில் நீங்கள் வெயிலில் நின்றுகொண்டிருக்கலாம். ஏனென்றால் அந்த 'இப்போது' என்பதும் பல செயலிகளில் அளவீடு அன்று, மாதிரியின் கணக்கு. அதோடு, இந்தக் கணக்குகள் நம் நேரப்படி காலை 5.30, முற்பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30 மணி நிலவரங்களை அடிப்படையாகக் கொண்டு தொடங்கி, முடிந்து வெளிவரச் சில மணி நேரம் பிடிக்கும். ஆகவே காலை ஆறு மணிக்கு நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் முந்தின நாள் மாலை அல்லது இரவு நிலவரத்திலிருந்து போட்ட கணக்கு. இரண்டு செயலிகள் இரண்டு விதமாகச் சொல்வதற்கு வேறு வேறு மாதிரிகள் ஒரு காரணம். ஒரே மாதிரியின் வேறு வேறு நேரத்துக் கணக்குகள் இன்னொரு காரணம்.

கட்டம் பெரிதாக இருப்பதால் நமக்கென்று தனியாக ஒரு தொல்லையும் உண்டு. செங்குத்தாக எழும் மலையைக் கட்டத்துக்குள் சராசரியாக்கும்போது மலை மழுங்கிவிடுகிறது. மாதிரியின் மலை உண்மை மலையைவிடத் தாழ்வாகவும் சரிவு குறைந்ததாகவும் இருப்பதால், மேற்குப் பக்கம் கொட்ட வேண்டிய மழையில் ஒரு பங்கு இந்தப் பக்கமும் சிந்துவதாகக் கணக்கு வரும். ஜூன், ஜூலை மாதங்களில் செயலியைத் திறந்தால் நாள்தோறும் ஒரு மேகமும் மூன்று துளிகளும் இருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அந்தத் துளிகளில் எத்தனை இந்த மழுங்கலால் வந்தவை என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் மலை மழையைத் தடுத்துவிடும் இத்தகைய மழைமறைவு நிலங்களில் மாதிரிகள் இப்படிப் பிசகுவது துறையில் உள்ளவர்கள் அறிந்த விஷயம். ஆகவே தென்மேற்குப் பருவத்தில் காங்கேயத்துக்குச் செயலி காட்டும் 'லேசான மழை'யை நான் பாதிக்கும் கீழாகவே எடுத்துக்கொள்வேன். இது என் அனுபவத்தின் தீர்ப்பு, ஆய்வின் முடிவு அன்று.

சித்திரை, வைகாசி மாதத்துக் கோடை இடிமழை முற்றிலும் வேறு வகை. காலையிலிருந்து தரை சூடேறி, பிற்பகலில் ஈரக்காற்று மேலெழுந்து, ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் அகலமுள்ள மேகமாகத் திரண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொட்டிவிட்டுக் கலைந்துவிடும். பீளமேட்டு விமான நிலையத்து மழைமானியில் நல்ல மழை பதிவான மாலையில், நகரின் மேற்குக் கோடியில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகத்து மானியின் கூம்பில் தூசி அப்படியே ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். நாளை நம் வட்டாரத்தில் இடிமழைக்கு ஏற்ற சூழல் இருக்கிறது என்று இன்றே சொல்லிவிடலாம். அது முத்தூரில் கொட்டுமா முத்தூரைத் தாண்டிப் போய்விடுமா என்பதை முந்தின நாளே சொல்லக்கூடியவர் உலகில் எவரும் இல்லை. சொல்கிறேன் என்பவரை நம்ப வேண்டாம்.

அந்த அறுபது விழுக்காட்டுக்கு இப்போது வரலாம். இதே போன்ற சூழல் அமைந்த பத்து நாள்களை எடுத்துக்கொண்டால், அவற்றில் ஆறு நாள் மழை பெய்யும், நான்கு நாள் பெய்யாது என்பதுதான் அதன் பொருள். நாளின் அறுபது விழுக்காட்டு நேரம் பெய்யும் என்றோ, பலமாகப் பெய்யும் என்றோ அது சொல்லவில்லை. ஆகவே ஒரு நாளை வைத்து அந்த எண் பொய் என்று தீர்மானிக்க வழியே கிடையாது. பெய்யாத அந்த நாளும் கணக்குக்குள் அடங்கிய நாள்தான். பத்து விழுக்காடு காட்டிய நாளில் நனைந்தீர்களே, அதுவும் அப்படியே. பத்து விழுக்காடு என்று காட்டிய நாள்களில் பாதி நாள் மழை பெய்கிறது என்றால்தான் எண் தவறு. அதை அறியக் குறைந்தது ஒரு பருவத்துக்குக் குறித்துவைக்க வேண்டும். மணிவாரியாகக் காட்டும் விழுக்காட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இரண்டு மணிக்கு முப்பது, மூன்று மணிக்கு முப்பது, நான்கு மணிக்கு முப்பது என்று இருந்தால், பிற்பகல் முழுவதற்கும் சேர்த்து வாய்ப்பு முப்பதைவிடக் கூடுதல். மேகம் எந்த மணியில் வரும் என்பதில்தான் கணினிக்குக் குழப்பம். வருமா என்பதில் அவ்வளவு குழப்பம் இல்லை.

சில வணிக நிறுவனங்கள் சிறிய வாய்ப்பை வேண்டுமென்றே சற்று உயர்த்திக் காட்டுவதும் உண்டு. மழை என்று சொல்லிப் பெய்யாவிட்டால் மக்கள் மறந்துவிடுவார்கள். மழை இல்லை என்று சொல்லி நனைந்துவிட்டால் மறக்க மாட்டார்கள். அமெரிக்காவில் இதை ஆய்வாளர்கள் எண்களை ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். நம் நாட்டில் பயன்படும் செயலிகளும் அப்படிச் செய்கின்றன என்று குற்றம் சாட்ட என்னிடம் சான்று இல்லை.

இந்த எண்ணை வைத்துக் களத்தில் முடிவெடுப்பதற்கு வானிலையியலில் பழைய, எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. காத்துக்கொள்ள ஆகும் செலவை, காக்காமல் விட்டால் வரும் இழப்பால் வகுத்துப் பாருங்கள். மழை வாய்ப்பு அந்த எண்ணைவிட அதிகமாக இருந்தால் காத்துக்கொள்வது இலாபம். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: தார்ப்பாய் இழுத்து மூட ஆள்கூலி 800 ரூபாய், நனைந்தால் பருப்பு கருத்து, பூஞ்சணம் பிடித்து, விலையில் அடிபடும் தொகை 20,000 ரூபாய். 800-ஐ 20,000-ஆல் வகுத்தால் நான்கு விழுக்காடு. அப்படியானால் செயலி பத்து விழுக்காடு என்று காட்டும் நாளிலேயே நீங்கள் தயாராக இருந்திருக்க வேண்டும். அறுபதுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் காலையிலேயே விரிக்காமல் விட்டுவிட்டால் செலவு கூலியோடு நிற்காது, ஒரு நாள் வெயிலும் போய்விடும். பச்சைத் தேங்காய்ப் பருப்பில் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். அதை ஆறு விழுக்காட்டுக்குக் கொண்டுவரத்தான் அத்தனை நாள் வெயில் தேவைப்படுகிறது. முதல் இரண்டு நாளில் வெயில் தவறினால் உள்ளிருக்கும் ஈரத்திலேயே பூஞ்சணம் வந்துவிடும், மழையே வேண்டியதில்லை. எனவே புதிதாக உடைத்த தேங்காய்க்கு விரிக்காமல் விடுவதன் விலை மிக அதிகம். முக்கால் பதம் காய்ந்து, தொட்டி (கொட்டாங்குச்சி) நீக்கிய பருப்புக்கு நனைவதன் விலை அதிகம். ஒரே களத்தில், ஒரே நாளில், ஒரே விழுக்காட்டுக்கு இரண்டு குவியலுக்கும் இரண்டு முடிவு வரும். மஞ்சள் வேகவைத்துக் காயப்போடும் ஈரோட்டுக்காரருக்கும், சின்ன வெங்காயம் பிடுங்கிப் போட்டிருக்கும் பல்லடத்துக்காரருக்கும் எண்கள் வேறு, கணக்கு இதுவே. வானிலைத் துறையால் இதைப் போட்டுத் தர முடியாது, ஏனென்றால் உங்கள் கூலியும் உங்கள் இழப்பும் அவர்களுக்குத் தெரியாது.

கோடைக்கு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம். அந்தி மழை அழுதாலும் விடாது என்று நம்மவர்கள் சொன்னது வெறும் பழமொழிக்காக அன்று. தரை சூடேறிப் பிறக்கும் மழை பிற்பகலுக்குப் பிறகுதான் பெரும்பாலும் வரும். சித்திரையில் காலை எட்டு மணிக்கு விரித்து, மூன்று மணிக்கு ஆட்கள் வீட்டுக்குப் போகும் முன்பே மூடிவிடும் களத்துக்காரர், எந்தச் செயலியையும் பார்க்காமலே வெயிலில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டு, மழையில் பெரும்பங்கைத் தவிர்த்துவிடுகிறார்.

தொலைக்காட்சியைப் பற்றிக் கேட்டதற்கு நான் சற்றுக் கடுமையாகவே பதில் சொல்வேன். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைச் செய்தியோடு பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். அறிக்கையில் 'நீலகிரி மற்றும் கோயம்புத்தூர் மாவட்ட மலைப்பகுதிகளில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்பு' என்று இருக்கும். திரையின் அடியில் ஓடும் சிவப்புப் பட்டையில் 'நீலகிரி, கோவைக்குக் கனமழை எச்சரிக்கை' என்று வரும். 'மலைப்பகுதிகளில்' என்ற சொல்லும் 'ஓரிரு இடங்களில்' என்ற சொற்களும் போய்விட்டன. அந்த இரண்டும்தான் செய்தியின் உயிர். ஓரிரு இடங்கள் என்றால் அப்பகுதியின் மழைமானிகளில் கால் பங்குக்கு மேற்படாத இடங்கள் என்பது துறை வகுத்துக்கொண்ட வரையறை. கனமழை என்பதும் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை. அதற்கு மேல் 204.4 வரை மிகக் கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. கோவை மாவட்டத்துக்குள் சின்னக்கல்லாறும் இருக்கிறது, சூலூரும் இருக்கிறது. சின்னக்கல்லாற்றில் 70 மில்லிமீட்டர் பெய்து, சூலூரில் துணி காய்ந்தாலும் கணிப்பு பலித்துவிட்டது. உங்கள் திருப்பூர் மாவட்டமும் அப்படித்தான். தெற்கே உடுமலை வட்டத்தின் மலையடிவாரத்தில் பெய்வது வெள்ளகோவில் கணக்கில் சேராது.

எச்சரிக்கையின் நிறத்தையும் மழையின் அளவாக மட்டும் படிக்கக் கூடாது. மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் நடவடிக்கை எடுங்கள் என்று அவை முதன்மையாக நிர்வாகத்துக்குச் சொல்லப்படுபவை. 2018 அக்டோபர் 7-ஆம் தேதிக்குத் தமிழ்நாட்டுக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது மாநிலமே பரபரப்பானது. அரபிக்கடலில் உருவான தாழ்வுப் பகுதி மேற்கே விலகி, லூபன் புயலாகி ஏமன், ஓமன் பக்கம் போய்விட்டது. அஞ்சிய மழை இங்கே வரவில்லை. அதன் பிறகு பல மாதங்களுக்குச் 'சிவப்பு எச்சரிக்கை' நகைச்சுவைத் துணுக்காகிவிட்டது. அந்தச் சிரிப்பில் எனக்கு உடன்பாடில்லை. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் நான் மேலே போட்ட கணக்கின்படியே, மிகச் சிறிய வாய்ப்புக்கும் எச்சரிக்கத்தான் வேண்டும்; அப்படி எச்சரித்தால் பல முறை பெய்யாமல் போகத்தான் செய்யும். அதைத் தவறு என்று எண்ணினால் அதிகாரிகள் அடுத்த முறை தயங்குவார்கள்.

தயங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கமே போதிய சான்று இருக்கிறது. வடகிழக்குப் பருவத்தில் கிழக்குக் காற்று நீலகிரியின் கிழக்குச் சரிவில் மோதும்போது குன்னூர், கோத்தகிரி, மேட்டுப்பாளையம் பக்கம் திடீரென்று கொட்டும். 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் நனைந்த சுற்றுச்சுவர் வீடுகளின் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், தென்மேற்குப் பருவத்தில், நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. 2024-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு, படக்கருவிகள் கடற்கரையையே பார்த்துக்கொண்டிருக்க, வலுவிழந்த அதன் மிச்சம் உள்ளே வந்து டிசம்பர் 2-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஊடகங்கள் மிகைப்படுத்துகின்றன என்ற உங்கள் குறை நியாயமானது. ஆனால் மிகை எங்கே என்றால், நாள்தோறும் ஒரே குரலில் கத்துவதில். எல்லா நாளும் மிரட்டும் மழை என்றால், உண்மையிலேயே மிரட்ட வேண்டிய நாளுக்குச் சொல் மிஞ்சுவதில்லை.

சரி, அன்றாடம் எதைப் பார்க்கலாம்? நான்கைந்து நாள் முன்னதாகத் திட்டமிட, வானிலைத் துறையின் வேளாண் ஆலோசனை அறிக்கை செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வெளியாகிறது. மேகதூத் செயலியில் மாவட்ட வாரியாகத் தமிழிலேயே கிடைக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம் வட்டார அளவில் கணிப்பு தருகிறது. மாவட்ட அளவைவிட அது உங்களுக்கு நெருக்கமானது. ஐந்து நாளுக்கு மேற்பட்ட எதையும் இன்ன நாள் இன்ன மழை என்று படிக்காமல், ஈரமான வாரமா வறண்ட வாரமா என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய பிற்பகலுக்கு, அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடிக் கணிப்பைப் பாருங்கள். இடிக்கு, புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி, நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுவதைக் காட்டும். அதைப் பருப்புக்காக மட்டுமல்ல, திறந்த களத்தில் நிற்கும் ஆட்களுக்காகவும் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

ரேடார் படம் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் பகுதியை நெடுங்காலமாகக் கவனித்துவந்த பெரிய ரேடார்கள் கொச்சியிலும் காரைக்காலிலும் சென்னையிலும் இருப்பவை. பூமி வளைந்திருப்பதால் தூரம் போகப்போக ரேடாரின் கதிர் தரையிலிருந்து உயர்ந்துகொண்டே போகும். கோவை கொச்சியிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். அங்கே கதிர் இரண்டு கிலோமீட்டருக்கும் மேலே போகிறது, நடுவில் ஆனைமலை வேறு மறைக்கிறது. காரைக்காலிலிருந்து வரும் கதிர் கோவைக்கு மேல் எட்டு கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடும். உயர்ந்தெழும் கோடை இடிமேகத்தை அது காட்டக்கூடும். தாழ்வாக வரும் சாரல் மேகம் தப்பிவிடும். ஆகவே படத்தில் நிறம் இல்லை என்பதால் வானத்தில் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். தென்மேற்கே திரும்பி நின்று கண்ணால் பார்ப்பது இந்த வகையில் ரேடாருக்குக் குறைந்ததன்று.

காற்றாலைகள் மேகத்தைத் துரத்துகின்றனவா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இந்தப் பேச்சு எடுத்தால் பல்லடம், உடுமலைப் பக்கம் யாராவது கேட்காமல் இருப்பதில்லை. இறக்கைகள் சுழலும் உயரத்தில் காற்றின் வேகம் குறைவதும், தரையை ஒட்டிய வெப்பமும் ஈரமும் சிறிதளவு மாறுவதும் அளந்து அறியப்பட்டவை. மழை மேகத்தின் அடிப்பகுதி பெரும்பாலும் அதைவிடப் பன்மடங்கு உயரத்தில் இருக்கிறது. மழையையே தடுக்கும் அளவுக்கு விளைவு உண்டு என்பதற்கு ஏற்கத்தக்க சான்று எதையும் நான் பார்த்ததில்லை. காற்றாலை வருவதற்கு முன்பும் தாராபுரம் மழைமறைவில்தான் இருந்தது.

பணம் கட்டும் செயலியைப் பற்றிய கேள்வி மிச்சம் இருக்கிறது. கட்டணச் செயலிகள் பெரும்பாலும் நான் மேலே சொன்ன அதே பெரிய மாதிரிகளின் கணக்கைத்தான் வாங்கி, அழகாக வரைந்து, விளம்பரம் இல்லாமல் தருகின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டும் வசதி இருந்தால் அதற்குப் பயன் உண்டு. மூன்று மாதிரிகளும் ஒன்றாகச் சொல்லும் நாளையும், மூன்றும் மூன்று விதமாகச் சொல்லும் நாளையும் பிரித்தறியலாம். ஆனால் உங்கள் களத்துக்கு மட்டும் மழையைச் சொல்லும் வித்தை அவற்றிடமும் கிடையாது. அந்தத் தொகையில் ஒரு நெகிழி மழைமானி வாங்கி, மரமோ சுவரோ மறைக்காத இடத்தில் நட்டு, துறை அளக்கும் அதே காலை 8.30 மணிக்கு அளந்து, முந்தின நாள் செயலி காட்டிய விழுக்காட்டையும் பக்கத்தில் எழுதி வாருங்கள். சித்திரைக்கும் ஆடிக்கும் ஐப்பசிக்கும் தனித்தனிப் பக்கம் வைத்தால், எந்த மாதத்தில் அந்தச் செயலியின் முப்பது உங்கள் களத்தில் உண்மையில் எவ்வளவு என்பது ஓராண்டில் ஓரளவு தெளிவாகிவிடும். வெள்ளகோவில், முத்தூர் சுற்றுவட்டாரத்தில் இன்னும் நான்கு களத்துக்காரர்கள் அதே மாதிரி எழுதி வைத்தால், அந்த நோட்டுகளைப் பார்த்துக் கணக்குப் போட்டுத் தர நான் தயார்.